பிச்சாவரம் உலகில் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடா? இந்தப் பேச்சு எப்போது நிற்கும்?

கோரையாறு:
விடுமுறைக்குப் பிச்சாவரம் போய்வந்ததைப் பற்றி 'வெள்ளாற்றங்கரை' போன வாரம் இங்கே எழுதியிருந்தார். படகில் போனது, வேர்களுக்கு நடுவே நுழைந்தது எல்லாம் சரி. ஆனால் முதல் வரியிலேயே 'உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு' என்று போட்டுவிட்டார். எத்தனை ஆண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டிருப்பது? பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர், அதாவது 11 சதுர கிலோமீட்டர். சுந்தரவனம் இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாக ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். முதல் இடம் பத்தாயிரம், அடுத்த இடம் பதினொன்றா? நடுவில் இருக்கும் இந்தோனேசியாவைக் கடல் கொண்டுபோய்விட்டதா? படிக்கும்போதே எரிச்சலாக வருகிறது.

வெள்ளாற்றங்கரை:
நாற்பது வரி எழுதினேன். உங்கள் கண்ணில் பட்டது ஒரே வரி. நான் சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதிலிருந்து இரண்டாவது என்றுதான் கேட்டு வந்திருக்கிறேன். ஊரே சொல்வது பொய்யா? வடக்கே வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே கொள்ளிட முகத்துவாரம், நடுவில் இத்தனை தீவுகள், இத்தனை வாய்க்கால்கள். 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். ஒன்றுமில்லாத காட்டையா உலகப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

கோரையாறு:
ஒன்றுமில்லாத காடு என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டாவது இல்லை என்றேன். ராம்சார் பட்டியல் அளவுக்காகக் கொடுக்கும் பரிசு அல்ல. அதே அறிவிப்பில் ஓர் ஏரியளவே இருக்கும் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயமும் சேர்ந்தது. அந்தப் பட்டியலில்கூடப் பிச்சாவரத்தின் பரப்பு 1,478 ஹெக்டேர்தான். சதுர கிலோமீட்டரில் பதினைந்துகூட வராது.

வெள்ளாற்றங்கரை:
முதலில் 1,100 என்றீர்கள், இப்போது 1,478 என்கிறீர்கள். ஒரே நாளில் 378 ஹெக்டேர் வளர்ந்துவிட்டது. உங்கள் கணக்கே உங்கள் கையில் நிற்கவில்லை, என் கணக்கைத் திருத்த வந்துவிட்டீர்கள்.

உப்பங்கழி:
இரண்டு எண்ணும் சரியாக இருக்கலாம். காப்புக்காடு என்று அளப்பது ஒன்று, ராம்சார் எல்லைக்கோடு வேறு. அதற்குள் தண்ணீரும் சேற்றுத்திட்டும் அடங்கும். மரம் மூடிய பரப்பை மட்டும் அளந்தால் எண் இன்னும் குறையும். 'பெரிய' என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு பேசினால் நல்லது.

கோரையாறு:
எப்படி அளந்தாலும் இரண்டாவது வராது, உப்பங்கழி. தண்ணீரைச் சேருங்கள், சேற்றைச் சேருங்கள், பக்கத்திலிருக்கும் கிள்ளை ஊரையே சேருங்கள், வராது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கையில் தமிழ்நாடு முழுவதற்குமே அலையாத்திக் காடு சுமார் 45 சதுர கிலோமீட்டர். இந்தியா முழுவதும் 4,992. ஒடிசாவின் பிதர்கனிகா தேசியப் பூங்கா மட்டும் 145. உலகம் இருக்கட்டும், இந்தியாவில்கூட இரண்டாவது இல்லை.

வெள்ளாற்றங்கரை:
உண்மையை நான் சொல்லட்டுமா? கோரையாறு முத்துப்பேட்டைக்காரர். பிச்சாவரத்துக்குப் பஸ் ஏறி ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள், முத்துப்பேட்டையைக் கேட்பாரில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் சதுர கிலோமீட்டராக வெளியே வருகிறது.

கோரையாறு:
ஆமாம், நான் முத்துப்பேட்டைதான். மறைக்கவில்லை, பெயரிலேயே இருக்கிறது. ஜாம்புவானோடையில் படகு ஏறிக் கோரையாற்றின் வழியே போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் மரம் விலகி, காயல் திறக்கும்போது அக்கரை தெரியாது. தண்ணீர் வெள்ளித்தகடு மாதிரி கிடக்கும். முத்துப்பேட்டை காப்புக்காடு காயலோடு சேர்த்துச் சுமார் 12,000 ஹெக்டேர். 2002-லேயே கோடியக்கரையோடு சேர்ந்து ராம்சார் பட்டியலுக்குப் போய்விட்டது, உங்களுக்கு இருபது ஆண்டு முன்பே. இதே தமிழ்நாட்டிலேயே உங்களைவிடப் பத்து மடங்கு பெரியதாக ஒன்று இருக்கும்போது, நீங்கள் உலகில் இரண்டாவது எப்படி?

வெள்ளாற்றங்கரை:
காயலைச் சேர்த்து அளந்தால் யார்தான் பெரியவராக முடியாது? மரத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் வெண்கண்டல் ஒன்றே. பிச்சாவரத்தில் சுரபுன்னை இருக்கிறது, வெண்கண்டல் இருக்கிறது, தில்லை இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். இன்றைக்கு அது கோயிலைச் சுற்றி இல்லை, பிச்சாவரத்தில் இருக்கிறது. பால் கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும் என்று என் பாட்டி எட்ட நிறுத்திக் காட்டிய மரம். அதையும் ஹெக்டேரில் அளப்பீர்களா?

கடலூர் ராஜி:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம் போகிறோம். எந்த நேரம் நல்லது? மோட்டார் படகா, துடுப்புப் படகா?

நாரைப்பார்வை:
துடுப்புப் படகில் போங்கள், அம்மா. சுரபுன்னை வளைந்து கூரை போட்ட குறுகிய வாய்க்காலுக்குள் அதுதான் நுழையும். விடியற்காலையில் போனால் வெயிலுக்கு முன் பறவைகளைப் பார்த்துவிடலாம். மோட்டார் சத்தம் கேட்டாலே கொக்கு எழுந்துவிடும். மோட்டார் படகை அங்கே விடவே கூடாது என்பேன்.

வெள்ளாற்றங்கரை:
விடவே கூடாதா? வயதானவர்கள் பார்க்க வேண்டாமா? என் அம்மாவுக்கு மூட்டு வலி. துடுப்புப் படகில் ஒன்றரை மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. மோட்டார் படகில்தான் அழைத்துப் போனேன். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

நாரைப்பார்வை:
உங்களுக்கு எதில்தான் வெட்கம்? மஞ்சள் மூக்கு நாரையின் வால்பக்க இளஞ்சிவப்பைப் பார்த்துவிட்டு 'பூநாரை வந்திருக்கிறது' என்று படம் போட்டவர்தானே நீங்கள்? பத்துப் பேர் சொல்லியும் அந்தப் படத்தின் தலைப்பை இன்னும் மாற்றவில்லை.

வெள்ளாற்றங்கரை:
அந்தப் படம் மாலை வெளிச்சத்தில் எடுத்தது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கோரையாறு:
தொடர்பு இருக்கிறது. தவறு என்று காட்டினாலும் திருத்த மாட்டீர்கள். பூநாரையும் அப்படித்தான், 'இரண்டாவது பெரிய' என்பதும் அப்படித்தான். 11 சதுர கிலோமீட்டர். மறுபடி சொல்கிறேன், 11.

வெள்ளாற்றங்கரை:
அந்த 11 சதுர கிலோமீட்டர்தான் 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று எங்கள் ஊர்களைக் காப்பாற்றியது. காட்டுக்கு வெளியே கடலைப் பார்த்து நின்ற எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் ஊர் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் பிழைத்தார்கள். உயிரைக் காத்த காட்டை அளவுகோலை வைத்துச் சிறுமைப்படுத்துகிறீர்கள்.

உப்பங்கழி:
பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஆய்வு செய்து காடு காத்தது என்று 2005-இல் எழுதினார்கள். கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரிய காரணம், மரத்தின் பங்கை அந்தக் கணக்கு தனியாகக் காட்டவில்லை என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தும் எழுதினார்கள். நான் காட்டின் பக்கம்தான். ஆனால் இரண்டையும் சொல்ல வேண்டும்.

வெள்ளாற்றங்கரை:
ஆய்வாளர்கள் எதையும் எழுதுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் வந்ததைப் பார்த்தவன் நான்.

கோரையாறு:
சுனாமி நாளை வாதத்துக்கு இழுக்காதீர்கள். அன்று எங்கள் கரையிலும் சாவு விழுந்தது. கேள்வி ஒன்றுதான், இரண்டாவதா இல்லையா?

உப்பங்கழி:
நீங்கள் இருவரும் அளவிலேயே நிற்கிறீர்கள். அந்தக் காடு மிஞ்சியதே பெரிய காரியம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கூறு கூறாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தொட்டி மாதிரி குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் திரும்பாமல் தேங்கி வற்ற, மண்ணில் உப்பேறிக் கன்றே முளைக்கவில்லை. பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்து, கன்று நட்டார்கள். இன்றைக்கு நீங்கள் படகிலிருந்து படம் எடுக்கும் மரங்களில் பல அப்படி வந்தவை. முத்துப்பேட்டையிலும் இதே வேலை நடந்தது.

கோரையாறு:
நல்ல செய்தி. இதனால் பரப்பு எவ்வளவு கூடியிருந்தாலும் பத்தாயிரத்துக்கு அடுத்த இடம் கிடைக்காது.

கடலூர் ராஜி:
போய்வந்துவிட்டோம். துடுப்புப் படகில்தான் போனோம். சுரபுன்னைக் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குகிறது. மரத்திலேயே முளைவிட்டு, விழும்போது நேராகச் சேற்றில் குத்தி நிற்கும் என்று படகோட்டி காட்டினார். என் மகள் மிதந்து வந்த ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பிப் போடச் சொன்னதும் கரையோரச் சேற்றில் தானே செருகிவிட்டு வந்தாள். இரண்டு வேர்களுக்கு நடுவே தின்பண்ட உறைகள் சிக்கிக் கிடந்தன. எட்டிய மட்டும் எடுத்தோம். யார் போனாலும் ஒரு பை கொண்டுபோங்கள்.

வெள்ளாற்றங்கரை:
பார்த்தீர்களா கோரையாறு? போய்வந்தவர் எவ்வளவு மகிழ்ச்சியாக எழுதுகிறார். அம்மா, உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காட்டில் உங்கள் மகள் ஒரு மரம் நட்டிருக்கிறாள்.

கோரையாறு:
மரம் நட்டது நல்லது. இரண்டாவது இல்லை. 11 சதுர கிலோமீட்டர்.

வெள்ளாற்றங்கரை:
1,478 ஹெக்டேர் என்று எழுதியதும் நீங்கள்தான்.

நாரைப்பார்வை:
பூநாரைப் படத்தின் தலைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.