இந்த டியூப் இன்றைக்கும் வேண்டுமா?

மேலூருக்குப் பக்கத்தில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த என் அப்பாவுக்கு மதுரையில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் காலையில், கையில் ஒரு படிவத்துடன் தனியாக வந்த சிஸ்டர் ஒருவர், அப்பாவிடம் நலம் விசாரித்துக்கொண்டே குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அப்பாவுக்குச் சிறுநீர் வெளியேற வைத்திருந்த டியூப்பின் யூரின் பேக் தரையில் கிடந்தது. அதை எடுத்துக் கட்டில் சட்டத்தில் மாட்டியவர், பேக் எப்போதும் வயிற்று மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கைகளைச் சுத்தம் செய்துகொண்டார். முந்தின நாள் எக்ஸ்ரேவுக்குப் போகும்போது அதை அப்பாவின் வயிற்றின் மேலேயே வைத்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போயிருந்தோம். அப்படி வைத்தால் பேக்கில் இருப்பது திரும்ப உள்ளே போகும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்; மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தொற்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், "சார், இந்த டியூப் இன்னைக்கும் வேணுமா?" என்று கேட்டார். டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிடச் சொன்னார்; மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீர்த் தொற்றுக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். எலும்பு டாக்டரின் கவனம் எலும்பில் இருக்கிறது, வார்டு சிஸ்டர்களுக்கு ஊசி மருந்து நேரம் தவறக் கூடாது என்கிற கவலை. இடையில் அந்த டியூப்பை நினைவில் வைத்திருந்து கேட்பதற்கென்றே ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது உணர்ந்தேன்.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு அதே கையுறையோடு அப்பாவின் கட்டுப் பக்கம் வந்த இளம் டாக்டரிடம், அந்த சிஸ்டர் ஒன்றும் பேசாமல் ஹேண்ட் ரப் பாட்டிலை நீட்டினார். அவரும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரலிடுக்கு, கட்டைவிரல் எல்லாம் சேர்த்து 20 விநாடிக்குக் குறையாமல் தேய்த்த பிறகே கட்டைத் தொட்டார். ஊரிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்த சித்தப்பாவிடமும், "ஐயா, ஸ்டூல்ல உட்காருங்க" என்று சிஸ்டர் தன்மையாகத்தான் சொன்னார்.

இந்தப் பணிக்கென்று தனியாக ஒரு செவிலியரை 1959-இலேயே இங்கிலாந்தில் அமர்த்தினார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டேன். நாங்கள் இருந்த இடத்திலோ எல்லா வார்டுக்கும் அவர் ஒருவர்தான் என்பது என் மனக்குறை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுப்பு. பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு எட்டாம் நாளாகியும் டியூப் இருந்ததால், ரவுண்ட்ஸில் நீங்களே கேளுங்கள் என்று அவருடைய மகனிடம் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்வதால் இன்னும் சில நாள் வேண்டியிருக்கிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.