மைட்டோகாண்ட்ரியன்: அசையாகப் பிரிப்பதா, பொருளாகப் பிரிப்பதா?

கயல்விழி:
ஒன்பதாம் வகுப்பில், செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பைக் குறிக்கும் ‘மைட்டோகாண்ட்ரியன்’ என்ற சொல் வரும்போது, மாணவர்களைக் கைதட்டி மை-ட-கான்-ட்ரி-யன் என ஐந்து அசைகளாகப் பிரிக்கச் சொல்கிறேன். மூன்றாம் அசையை அழுத்தச் சொல்கிறேன். படிக்கத் தயங்கும் பிள்ளைக்கும் சொல் நாவில் ஏறிவிடுகிறது. இதற்குமேல் கிரேக்க வேர்களைச் சொல்வது வீண்சுமை என்பது என் கருத்து.

பொன்னிமைந்தன்:
இதை நான் ஏற்கவில்லை. அசைகள் நாவைப் பழக்குமே தவிர, சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டா. ஜெர்மன் அறிவியலாளர் கார்ல் பெண்டா 1898இல் இப்பெயரைச் சூட்டியபோது, நுண்ணோக்கியில் நூலாகவும் துகளாகவும் தெரிந்ததையே, இழை எனப் பொருள்படும் ‘மிட்டோஸ்’, சிறுமணி எனப் பொருள்படும் ‘கோண்ட்ரியான்’ ஆகிய கிரேக்கச் சொற்களால் குறித்தார். இலங்கையில் வழங்கும் ‘இழைமணி’ இவ்விரண்டின் நேர்த் தமிழாக்கம். எத்தனை அழகான சொல்! இழையை அறிந்த மாணவருக்கு, செல் பிரிகையில் தோன்றும் இழைகளைக் கொண்டு வால்தர் ஃபிளெமிங் பெயரிட்ட ‘மைட்டோசிஸ்’ என்பதும் தானே விளங்கும்.

கயல்விழி:
தாங்கள் காட்டிய மைட்டோசிஸ் என் பக்கமே நிற்கிறது. அங்கே அழுத்தம் ‘டோ’வில் விழுவதால் அவ்வசை முழுமையாக ஒலிக்கிறது, மைட்டோகாண்ட்ரியனில் அதே அசை தேய்ந்து ‘ட’ போல ஆகிவிடுகிறது. வேர் ஒன்றாக இருந்தும் ஒலிப்பு வேறாகிறது. தமிழில் இத்தகைய அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை என்பதால், நம் பிள்ளைகள் எல்லா அசைகளையும் ஒரே அளவில் ஒலிக்கிறார்கள். அதைத் திருத்த வேர் உதவாது. மேலும், காண்ட்ரோசைட் என்பது குருத்தெலும்புச் செல். அங்கும் அதே வேர்தான். மைட்டோகாண்ட்ரியனில் குருத்தெலும்பு உண்டா என்று பிள்ளை கேட்டால்?

பொன்னிமைந்தன்:
கேட்கட்டும், அது நல்ல கேள்வி. ‘கோண்ட்ரோஸ்’ கிரேக்கத்தில் மணியையும் குருத்தெலும்பையும் குறித்தது என்று ஒரே வரியில் விடை சொல்லலாம். அசை மட்டும் போதாது என்பதற்கு ஹெலிகாப்டரைப் பாருங்கள். காது அதை ஹெலி, காப்டர் என்று வெட்டுகிறது. உண்மையில் அது ‘ஹெலிகோ’ என்ற சுருளும் ‘ப்டெர்’ என்ற சிறகும் சேர்ந்தது. அந்தச் சிறகே, அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான டெரோடாக்டைல் என்ற சொல்லின் தொடக்கத்திலும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்படும் ‘ப்’ அங்கே ஒலிப்பதில்லை. கைதட்டிப் பிரிப்பவர் இந்த உறவை எப்படிக் காண்பார்?

கயல்விழி:
ஹெலிகாப்டரில் அசையும் பொருளும் வேறு இடங்களில் பிரிகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே ‘இழைமணி’யைக் கரும்பலகையில் எழுதுவேன், ஆனால் வகுப்பு முழுவதும் சொல்லைத் தடையின்றிச் சொன்ன பிறகுதான்.