பி450 போர்டு, ரைசன் 5600: சேலத்தில் யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே, ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கட்டடக்கலை படிக்கும் தங்கைக்காக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். ரைசன் 5 5600 பிராசசர் புதிது. பி450 மதர்போர்டு பழையது, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒருவரிடம் வாங்கினேன். இரண்டும் ஏஎம்4 சாக்கெட்தான் (பிராசசர் போர்டில் உட்காரும் இடத்தின் வகை). ஒரு பின் கூட வளையாமல் உட்கார்ந்தது. ஆனால் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. 5600இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது என்பது தெரியும், அதனால் திரையின் கேபிளைத் தனி கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறேன். கார்டு நண்பர் வீட்டில் நன்றாக ஓடியது.

போர்டு 2018 வகை, பிராசசர் 2022இல் வந்தது. போர்டின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) பழசு, அதனால் புது பிராசசரை அடையாளம் காணவில்லை என்றுதான் தோன்றுகிறது. பிராசசர் இல்லாமலே புது பயாஸ் ஏற்றும் பட்டனும் இதில் இல்லை. ரைசன் 2600 மாதிரி பழைய பிராசசர் யாரிடமாவது இருந்தால், அதைப் போட்டு பயாஸை அப்டேட் செய்ய அரை மணி நேரம் தருவீர்களா? ஞாயிறு மலையிறங்கி வருகிறேன். தெர்மல் பேஸ்ட், பென்டிரைவ் எல்லாம் நானே கொண்டுவருகிறேன்.