மறு: எர்த்திங், பாண்டிங் – இரண்டுக்கும் ஒரே சொல்லா?

> இரண்டும் அதே பச்சை-மஞ்சள் கம்பிதானே? "புவியிணைப்பு" என்ற ஒரு சொல்லே போதும்.

ஐயா, வணக்கம்.

கம்பியின் நிறம் ஒன்றுதான், வேலை வேறு. பிரிட்டனில் ஒரு வீட்டின் எரிவாயு பாய்லரையே எடுத்துக்கொள்வோம். பாய்லரின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால், புவிக்கம்பி வழியே மின்னோட்டம் பெருகி 3 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துவிடும், மின்சாரம் நின்றுவிடும். இது எர்த்திங், அதாவது புவியிணைப்பு. இலங்கையில் புவித்தொடுப்பு என்பார்கள். இரண்டுமே நல்ல சொற்கள், தொட வேண்டாம்.

எரிவாயுக் குழாய் மின்கருவியே அல்ல. ஆனால் உலோகக் குழாய் வெளியிலிருந்து வேறொரு மின்னழுத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். ஒரு கை பாய்லரிலும் மறு கை குழாயிலும் பட்டால் ஆபத்து. அதனால்தான் பிஎஸ் 7671 என்ற பிரிட்டனின் மின்னமைப்பு விதிகளின்படி, மீட்டரைத் தாண்டியதும் முடிந்தவரை 600 மில்லிமீட்டருக்குள், முதல் கிளை பிரிவதற்கு முன்பே குழாயில் கவ்வி பூட்டுகிறார்கள். அங்கிருந்து, வீட்டின் புவிக்கம்பிகள் எல்லாம் வந்து சேரும் முதன்மைப் புவிமுனையம் வரை செல்லும் செம்புக் கம்பி பெரும்பாலும் 10 சதுர மில்லிமீட்டர். குழாய்க்கும் பாய்லருக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எழக்கூடாது என்பதே நோக்கம். இது பாண்டிங்.

எரிவாயுக் குழாயைப் புவிமின்வாயாக, அதாவது மின்னோட்டத்தை மண்ணுக்குள் இறக்கும் கடத்தியாக, பயன்படுத்துவதை அதே விதிகள் தடுக்கின்றன. "குழாயைப் புவியிணை" என்று கையேட்டில் எழுதினால், குழாய் வழியாகவே எர்த் எடுக்கச் சொல்வதாக ஒருவர் படித்துவிடலாம். உயிர் போகும் குழப்பம் இது.

பாண்டிங்குக்குச் சென்ற மடலில் வந்த "சமவழுத்தப் பிணைப்பு" இங்கே உதவாது. எரிவாயு வேலை செய்பவருக்கு அழுத்தம் என்றால் குழாயில் வரும் வாயுவின் 21 மில்லிபார் அழுத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். "சமமின்னழுத்தப் பிணைப்பு" பிழையற்றது, ஆனால் கவ்வியில் தொங்கும் சிறு தகட்டில் அடங்காது. "மின்னிணைப்பு" என்றாலோ புது வீட்டுக்கு விண்ணப்பித்து வாங்குவது என்றுதான் எல்லோரும் கொள்வார்கள்.

என் பரிந்துரை: மின்சமன் பிணைப்பு. முதன்மைப் பிணைப்பு, துணைப் பிணைப்பு, பிணைப்புக் கம்பி, பிணைப்புக் கவ்வி எனக் கிளைச்சொற்கள் இயல்பாக வருகின்றன. வேதியியலின் பிணைப்போடு மோதுமே என்ற கேள்வி எழலாம். "மின்சமன்" என்ற முன்னொட்டு அதைத் தீர்த்துவிடுகிறது.

இதைவிடச் சிறியதாக, பொருள் பிறழாத சொல் இருந்தால் உடனே எழுதுங்கள், மகிழ்ந்து ஏற்பேன். இரண்டையும் ஒன்றாக்குவதை மட்டும் ஏற்க இயலாது.

அன்புடன்.