மாலத்தீவு ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்: எது உள்ள வருது, எது வெளிய?

கோபி_வாய்க்கால் கேட்டது:

வணக்கங்க. மே முதல் வாரம் மாலத்தீவுல 4 ராத்திரி தங்கறதா இருக்குது. நானும் வீட்டுக்காரரும், 9 வயசுப் பொண்ணு, 4 வயசுப் பையன், மாமியார் (66 வயசு, முட்டி வலி, சுத்த சைவம், முட்டைகூட ஆகாது). குடிக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. ஏஜென்ட் குடுத்த கொட்டேஷன்ல ‘ஆல் இன்க்ளூசிவ்’னு (சாப்பாடு, குடி எல்லாம் வாடகையிலயே சேர்ந்தது) போட்டு, ரூம் வாடகைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி போட்டிருக்குது. தீவுக்குப் போற சீப்ளேனுக்கு (தண்ணியில எறங்கற குட்டி விமானம்) காசு தனிங்கறாங்க. இது எங்களுக்குத் தோதுப்படுமா? வேற என்னென்ன கேட்டு வாங்கோணும்?

நொய்யல்_கரை:

அந்த ரெண்டு ப்ளஸ்லதாங்க சூட்சுமமே இருக்குது. ஒண்ணு 10% சர்வீஸ் சார்ஜ், இன்னொண்ணு அங்கத்த சுற்றுலா ஜி.எஸ்.டி. இந்த வரி 2025 ஜூலையிலிருந்து 17%. ரெண்டையும் கூட்டி 27%னு கணக்குப் போடாதீங்க. சர்வீஸ் சார்ஜ் சேர்ந்த தொகை மேல வரி விழும். அதனால 1000 டாலர்னு போட்டிருந்தா கட்டறது 1287. இதுக்கு மேல கிரீன் டாக்ஸ் (சுற்றுச்சூழல் வரி): ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு மட்டும் இல்ல. உங்களுக்கு 5 × 4 × 12 = 240 டாலர். இதைப் பல பேரு கணக்குல சேர்க்காம விட்டு, கடைசி நாள் ரிசப்ஷன்ல முழிப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஃபுல் போர்டுன்னா மூணு வேளைச் சாப்பாடு மட்டும் சேர்ந்தது. அதைவிட ஆல் இன்க்ளூசிவ்ல கூடுதலாக் குடுக்கற காசு பெரும்பாலும் சாராயத்துக்குத்தான். குடிக்காத குடும்பம் ஃபுல் போர்டு விலையையும் கேட்டு வாங்கிப் பக்கத்துல வெச்சுப் பாக்கோணும். ரெண்டுக்கும் நடுவுல பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 60 டாலர் வித்தியாசம்னு வெச்சுக்குங்க. 3 பேரு, 4 ராத்திரி: 720 டாலர். ஃபுல் போர்டு எடுத்துத் தண்ணி, ஜூஸ், ஐஸ்கிரீம்னு தினம் 40 டாலர் செலவு பண்ணுனாலும் 160தான். ஆனா ஒண்ணு, ஃபுல் போர்டுல சாப்பாட்டு மேசையில குடிக்கற தண்ணிகூடச் சில ரிசார்ட்ல தனி பில். ‘மதியமும் ராத்திரியும் குடிதண்ணி சேர்ந்துதா?’னு எழுத்துல வாங்கிக்குங்க.

ஆல் இன்க்ளூசிவ்தான்னு முடிவு பண்ணுனாலும், பெரும்பாலும் வெளிய நிக்கறது இதெல்லாம்: பஃபே தவிர்த்த தனி ரெஸ்டாரன்ட், லாப்ஸ்டர் மாதிரி அயிட்டம், ரூமுக்குக் கொண்டுவந்து தர்றது, நீச்சல் குளத்துல மிதக்கவிடற காலைத் தட்டு, ஸ்பா, ஜெட் ஸ்கி, படகுச் சுற்றுலா. மினி பார் ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் மாறும். ரூமை 12 மணிக்குக் காலி பண்ணுனதும் திட்டம் முடிஞ்சிரும். சாயங்கால விமானம்னா மதியச் சாப்பாடு யார் கணக்குன்னும் கேளுங்க.

இந்தியாவுலயே பேக்கேஜா வாங்குனா டி.சி.எஸ். (விக்கறவங்க முன்கூட்டியே வசூலிக்கற வருமான வரி) பிடிப்பாங்க. அது போன காசு இல்ல. வருமான வரித் தளத்துல உங்க பேருல பதிவாயிருக்குதான்னு பாத்து, வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம். யாரோட பான் நம்பர்ல பிடிக்கறாங்கங்கறதை முன்னாடியே சொல்லிருங்க.

பேரூர்_படித்துறை:

சீப்ளேனைப் பத்திச் சொல்றனுங்க. பகல் வெளிச்சத்துல மட்டுந்தான் பறக்கும். மாலேயில சர்வதேச விமானம் மதியம் மூணரைக்குள்ள எறங்கலீன்னா அன்னைக்கு சீப்ளேன் கிடைக்கறது சந்தேகம். அப்பறம் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஹுல்ஹுமாலேயில ஒரு ராத்திரி ரூம் போடோணும், ரிசார்ட்ல ஒரு ராத்திரி வாடகை வீணாப் போகும். திரும்பி வர்றப்பவும் விடியக்காலைல கெளம்பற விமானம் ஒத்துவராது. மாலே நேரம் நம்மளைவிட அரை மணி பின்னால. சில ரிசார்ட் தனியா ஒரு மணி நேரம் கூட்டி ‘தீவு நேரம்’னு வெச்சிருக்கும், படகு நேரம் எதுலன்னு கேட்டுக்குங்க.

எடை 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. அதுக்கு மேல போனா கிலோவுக்குக் காசு. சர்வதேச விமானத்துல 30 கிலோ விட்டாங்கன்னு நம்பி அடுக்கிராதீங்க. விமானத்துல இடம் இல்லீன்னா பெட்டி அடுத்த டிரிப்ல வரும், அதனால மாத்திரையும் ஒரு செட் துணியும் கைப்பையில இருக்கட்டும்.

மாமியாருக்கு முட்டி வலிங்கறீங்க. சீப்ளேன்ல ஏறறது குறுகலான சின்ன ஏணி, எறங்கறது ஆடற மிதவை மேல. அவங்களை வெச்சுப் பாத்தா, மாலேயிலிருந்து 30, 40 நிமிசத்துல ஸ்பீட்போட் போற தீவுதான் நல்லது. ராத்திரி எறங்குனாலும் போயிரலாம், அஞ்சு பேருக்கு சீப்ளேன் காசும் மிச்சம். படகுல பின்பக்கம் உக்கார வைங்க, முன்பக்கந்தான் தூக்கித் தூக்கிப் போடும்.

கொச்சியிலிருந்து மாலே ஒன்றரை மணி நேரப் பயணந்தான். ஆனா கோயமுத்தூர்லிருந்து நெடும்பாசேரிக்கு (கொச்சி ஏர்போர்ட் இருக்கற ஊர்) ரோடு 170 கிலோமீட்டர் பக்கம். திருச்சூரைத் தாண்டுனதும் சாலக்குடி, அங்கமாலி நெரிசல்ல மாட்டுனா கணக்கு தப்பிரும். பாலக்காடு தாண்டற நேரத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. மூணு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்ல நிக்கற மாதிரி கெளம்புங்க.

தாராபுரம்_காத்து:

சைவச் சாப்பாட்டுக்கு வர்றனுங்க. அங்க வெறும் ‘வெஜிடேரியன்’னு சொன்னா முட்டை உண்டு. புக்கிங்லயே ‘இந்திய சைவம், முட்டை, மீன், மாசி (கருவாடாக் காயவெச்ச சூரை மீன்) எதுவும் இல்லாம’னு எழுதச் சொல்லுங்க. போனதும் சமையல் பொறுப்பாளரையே நேர்ல பாத்து ஒருக்கா சொல்லிருங்க. பெரிய ரிசார்ட்கள்ல இந்தியச் சமையல்காரங்க இருப்பாங்க, பருப்பும் ரொட்டியும் தனியாப் போட்டுத் தருவாங்க.

பாத்தா நம்மூர்ப் பண்டமாட்டத் தெரியறதுலதான் ஏமாந்துருவோம். காலைல வெக்கற மாஸ் ஹுனி தேங்காத் துருவல் வெங்காயமாட்டவே இருக்கும், உள்ள சூரை மீன். பஜியாங்கறது சமோசா மாதிரி, குல்ஹாங்கறது உருண்டை போண்டா மாதிரி. ரெண்டுலயும் பெரும்பாலும் மீன்தான். ரிஹாகுருங்கறது புளிக்காய்ச்சல் நிறத்துல கெட்டியா இருக்கும், அதுவும் மீனைக் காய்ச்சுனது. நூடுல்ஸ்ல ஆய்ஸ்டர் சாஸ் (சிப்பியில செஞ்சது), ஜெல்லியிலயும் மூஸ்ங்கற கிரீம் இனிப்புலயும் ஜெலட்டின் (விலங்கு எலும்பு, தோல்ல எடுக்கறது) இருக்கலாம். மாமியாருக்குத் தட்டை நீங்களே போட்டுக் குடுங்க.

பருப்புப்பொடி, ஊறுகாயெல்லாம் பெட்டியில போடுங்க, கைப்பையில வேண்டாம். கொப்பரையை எந்தப் பையிலயும் வெக்காதீங்க. எண்ணெய்ப் பசையால தானாச் சூடேறித் தீப்பிடிக்கும்னு விமானத்துல விடறதில்ல.

கோபி_வாய்க்கால்:

ரொம்ப நன்றிங்க. ஃபுல் போர்டு விலையையும் கேக்கறேன். பையன் தண்ணி மேல கட்டுன வில்லாவுலதான் தங்கோணுங்கறான். நாலு வயசுக்கு அது சரியா? மே மாசம் மழை எப்படி இருக்கும்?

தாராபுரம்_காத்து:

வேண்டாங்க. நெறைய வாட்டர் வில்லாவுல வெளித்தளத்துக்குக் கைப்பிடி இருக்காது, அப்படியே கடலுக்குள்ள ஏணி எறங்கும். அதனாலயே பல ரிசார்ட்ல சின்னக் குழந்தைகளை அதுல விடறதில்ல. மணல்ல இருக்கற பீச் வில்லா எடுங்க. அதுலயும் ‘அதிகபட்சம் எத்தனை பேரு’ன்னு கேளுங்க. பொதுவா மூணு பெரியவங்க, இல்லீன்னா ரெண்டு பெரியவங்க ரெண்டு குழந்தைங்கதான். அஞ்சு பேருன்னா ரெண்டு பெட்ரூம் வில்லா, இல்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கிட்டக்க கேட்டு வாங்குனா மாமியாருக்கு நடை கம்மி.

டிசம்பர்லிருந்து ஏப்ரல் வரைக்கும் வறண்ட காலம். மே மாசம் தென்மேற்குக் காத்து தொடங்கும், நம்ம பாலக்காட்டுக் கணவாயில நுழையற அதே காத்துதான். முதல் வாரத்துல தப்பிக்க வாய்ப்பு உண்டு, கடைசி வாரம்னா மழையை எதிர்பாத்தே போங்க. காத்து மேற்கிலிருந்து வர்றதால சூரியன் மறையற பக்கத்து வில்லாவுல அலை கூட இருக்கும். கிழக்குப் பக்கம் வாங்குங்க, பெரும்பாலும் வாடகையும் கம்மி.

பசங்க கரைக்கும் பவளப்பாறைக்கும் நடுவுல இருக்கற ஆழமில்லாத லகூனுக்குள்ளயே இருக்கோணும். பவளப்பாறை விளிம்பைத் தாண்டுனா கிணத்துல எறங்குன மாதிரி ஆழம் போயிரும், நீரோட்டமும் இழுக்கும். லைஃப் ஜாக்கெட் பையன் அளவுக்குப் போனதுமே போட்டுப் பாருங்க. பருத்தி பனியன் தண்ணியைக் குடிச்சு கனக்கும், முழுக்கை நீச்சல் டிசர்ட் வாங்கிருங்க. பூமத்திய ரேகைக்கு ரொம்பக் கிட்ட இருக்கற எடம், மேகம் போட்டிருந்தாலும் தோல் கருகிரும்.

நொய்யல்_கரை:

கடைசியா விசா, கஸ்டம்ஸ். சுற்றுலா போற இந்தியர் முன்கூட்டியே விசா வாங்க வேண்டாம், போய் எறங்கறப்பவே இலவசமா விடுவாங்க. ஐமுகாங்கற (IMUGA) பயணி விவரப் படிவத்தைப் பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல நிரப்போணும், போறப்பவும் திரும்பறப்பவும். அதுக்கும் காசு இல்ல, காசு கேக்கற தளம் எல்லாம் இடையில புகுந்த ஆளுங்க. வழிபாட்டுச் சிலை கொண்டுபோகத் தடை இருக்குது, மாமியார் பையில குட்டிப் பிள்ளையார் இருந்தா வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க. முட்டி வலி மாத்திரையில ட்ராமடால் இருக்குதான்னு அட்டையைத் திருப்பிப் பாருங்க. இருந்தா டாக்டர் சீட்டு கூடவே வேணும். ரூம்ல பெரும்பாலும் சதுர மூணு முனை பிளக்தான், அடாப்டர் ரெண்டு எடுத்துக்குங்க. திரும்பறப்ப பசங்க பொறுக்குன பவளத் துண்டு பெட்டிக்குள்ள கெடக்குதான்னு பாத்துருங்க, அதை வெளிய கொண்டுபோக விடமாட்டாங்க.