மொட்டைமாடி ஹீட் பம்புக்குப் புதிய தெர்மோஸ்டாட்: மாப்பிள்ளை கொண்டுவந்ததை இணைக்கலாமா?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 200 லிட்டர் கொள்ளளவுள்ள ஹீட் பம்ப் வெந்நீர் இயந்திரம் (சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றுவது) ஒன்று ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு மூட்டுவலி இருப்பதால் கோடையிலும் எங்களுக்கு வெந்நீர் வேண்டும். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு பலத்த இடியோடு மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. அதன்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முகப்பில் எண்கள் தெரியவில்லை, இயந்திரமும் ஓடவில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து சோதித்து, கம்ப்ரசருக்கும் மின்விசிறிக்கும் பழுதில்லை என்றும், சூட்டைப் பார்த்து இயந்திரத்தை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் மட்டும் கருகிவிட்டது என்றும் சொன்னார். இயந்திரத்தைப் பொருத்திக் கொடுத்தவர்கள் இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை.

இந்த நிலையில் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் எங்கள் மாப்பிள்ளை, "ஹீட் பம்புக்கானது" என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். அதன் பின்புறத்தில் ஆர், சி, ஒய், ஜி, ஓ/பி, டபிள்யூ என்ற எழுத்துகளோடு சிறிய துளைகள் இருக்கின்றன. எலக்ட்ரீஷியனோ தஞ்சாவூரில் வாங்கிய 230 வோல்ட் டிஜிட்டல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைக் காட்டி, இதுதான் பொருந்தும் என்கிறார். பழைய தெர்மோஸ்டாட்டில் சிவப்பு, கறுப்பு, இரண்டு மஞ்சள், தொட்டியிலிருந்து வரும் மெல்லிய சாம்பல் நிற வயர் இரண்டு என மொத்தம் ஆறு முனைகள் இருந்தன. எதை வைப்பது, எப்படி இணைப்பது, தொட்டிக்குள் சூட்டை அளக்கும் பழைய சென்சாரையே தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். மாப்பிள்ளையின் மனம் கோணாதபடி பதில் அமைந்தால் இன்னும் நல்லது.

பாமணிக்கரை வயர்மேன் (மன்னார்குடி) பதில்:

அம்மா, மாப்பிள்ளை கொண்டுவந்த பொருளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது. அதை உங்கள் பெட்டிக்குள் இணைக்கவே கூடாது. அது அறைக் காற்றின் வெப்பத்தை அளந்து, வீடு முழுவதையும் சூடாக்கும் அல்லது குளிர்விக்கும் இயந்திரத்தை இயக்குவதற்கானது. சுமார் 32 டிகிரிக்கு மேல் அதில் அளவு வைக்கவே முடியாது. உங்களுக்கு வேண்டியதோ தொட்டித் தண்ணீரை 50, 55 டிகிரியில் நிறுத்துவது. இதைவிட முக்கியமானது மின்னழுத்தம். அந்தக் கருவி 24 வோல்ட்டில் இயங்குவது. உங்கள் பெட்டியில் வருவது 230 வோல்ட் என்பதால், இணைத்த நொடியிலேயே கருகிப் போகும். சுவரில் இருக்கும் அதைத் தொடுபவருக்கும் ஆபத்து.

எலக்ட்ரீஷியன் காட்டிய கருவிதான் சரியானது. ஆனால் வயரின் நிறத்தை நம்பி இணைக்க வேண்டாம். உள்ளூர்ப் பட்டறைகளில் கையில் கிடைத்த நிறத்தை வைத்து முடித்த பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்துக்கான எம்.சி.பி.யை (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) இறக்கி, மீட்டரால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும். கம்ப்ரசரோடு இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் வழக்கத்தை இத்துடன் விட்டுவிடச் சொல்லுங்கள்.

அதன்பின் ஆறு முனைகளையும் மீட்டரால் அடையாளம் காணலாம். எம்.சி.பி.யிலிருந்து நேராக வரும் ஃபேஸும் நியூட்ரலும் கருவி இயங்குவதற்கான மின்சாரம். கான்டாக்டரின் (கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் பெரிய காந்த சுவிட்ச்) காயில் பக்கம் போகும் இரண்டும் கருவிக்குள் இருக்கும் சிறிய சுவிட்சான ரிலேவுக்கு உரியவை. மீட்டரை மின்தடை அளக்கும் ஓம் அளவில் வைத்துப் பார்க்கும்போது ஆயிரக்கணக்கான ஓம் காட்டுகிற மெல்லிய வயர் இரண்டும் சென்சார். அந்த இரண்டுக்கும் நேர், எதிர் என்ற பேதம் கிடையாது.

இணைப்பைப் பொறுத்தவரை, ஃபேஸ் கருவியின் ரிலேயில் 'காமன்' என்ற முனைக்கு வர வேண்டும். 'என்.ஓ.' (ரிலே இயங்கும்போது மட்டும் காமனோடு சேர்வது) என்ற முனையிலிருந்து கிளம்பி, அதிக அழுத்தத்தில் நிறுத்தும் சுவிட்ச், குறைந்த அழுத்தத்தில் நிறுத்தும் சுவிட்ச், அதிக மின்னோட்டத்தில் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயின் 95–96 முனைகள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, கான்டாக்டரின் ஏ1 முனையை அடைய வேண்டும். ஏ2 முனை நியூட்ரலுக்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு சுவிட்ச் தொந்தரவு செய்கிறது என்று அதை மட்டும் நேராக இணைத்துவிடுவது பலருக்கும் பழக்கம். அப்படிச் செய்த ஒரு கம்ப்ரசர் இரண்டே மாதத்தில் எரிந்ததை நானே கழற்றியிருக்கிறேன். அதுபோலவே, கருவியின் ரிலே 10 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கிறதே என்று கம்ப்ரசரை நேராக அதில் ஏற்றிவிடக் கூடாது. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓட்ட மின்சாரத்தைப்போல் பல மடங்கு இழுக்கும் என்பதால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் தண்ணீர் எவ்வளவு சுட்டாலும் இயந்திரம் நிற்காது.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்குகளை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. ஆகவே 'குளிர்விப்பு' முறையில் அமைந்தே வரலாம். அதை 'வெப்பமூட்டல்' முறைக்கு மாற்ற மறந்தால், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது இயந்திரம் சும்மா இருக்கும். சூடேறியபின் ஓடத் தொடங்கி மேலும் சூடாக்கும். நிற்கும் அளவு 55 டிகிரி, இடைவெளி 5 டிகிரி என்று வையுங்கள். 50க்கு இறங்கியதும் மீண்டும் ஓடும். மீண்டும் கிளம்புவதற்கான தாமதம் குறைந்தது மூன்று நிமிடம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் பக்கத்தில் மின்சாரம் நிமிடத்துக்கு ஒரு முறை போய்ப் போய் வரும்போது, குழாய்களில் வாயுவின் அழுத்தம் சமமாவதற்குள் கம்ப்ரசர் கிளம்ப முயன்று திணறுவதை இந்தத் தாமதம்தான் தடுக்கிறது.

சென்சாரை, கருவியோடு வருவதையே போடுங்கள். பழையது வேண்டாம்.

வெண்ணாற்றுப் பிள்ளை (ஊர் நீடாமங்கலம், தற்போது அமெரிக்காவின் ஒகையோ) பதில்:

மன்னார்குடி ஐயா சொன்னது முற்றிலும் சரி. எழுத்துகளைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், மாப்பிள்ளைக்குக் காட்ட உதவும். இங்குள்ள வீடுகளில் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட் மாறுமின்சாரத்தைத் தரும். அதன் ஒரு முனை ஆர், மறுமுனை சி. தெர்மோஸ்டாட் செய்வதெல்லாம் ஆரை ஒய்யோடு சேர்த்துக் கம்ப்ரசரையும், ஜியோடு சேர்த்து மின்விசிறியையும் கிளப்புவதுதான். டபிள்யூ என்பது கடுங்குளிரில் கைகொடுக்கும் துணை ஹீட்டருக்கு. ஓ/பி என்பது வாயு ஓடும் திசையை மாற்றும் வால்வுக்கு உரியது: சில இயந்திரங்களில் குளிர்விக்கும்போது அந்த வால்வுக்கு மின்சாரம் போகும், அது ஓ, சிலவற்றில் சூடாக்கும்போது போகும், அது பி. இதை மாற்றி வைத்துவிட்டுப் பனிக்காலத்தில் வீட்டைக் குளிர்வித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் இயந்திரத்துக்குச் சூடாக்குவது ஒன்றே வேலை என்பதால் ஓ/பி முனைக்கு அங்கே வேலையே இல்லை. மாப்பிள்ளை அதைத் திரும்ப எடுத்துச் சென்றால் அவர் வீட்டிலேயே பயன்படும்.

உப்புக்காற்று (நாகப்பட்டினம்) பதில்:

சென்சார் எங்கே உட்காருகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. தொட்டியின் உடலில் குழல்போல ஒரு பை இருக்கும். அதன் அடிவரை சென்சாரின் முனை போய்த் தொட வேண்டும். காற்று இடைவெளி இருந்தால் உண்மையான சூட்டைவிடக் குறைத்தே காட்டும், இயந்திரம் தேவைக்கு மேல் ஓடும். வெப்பப் பசை தடவிச் செருகி, வாயைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் உப்புக்காற்றால் பித்தளை முனைகள் ஓராண்டிலேயே பச்சை பிடிக்கும். கும்பகோணத்தில் அவ்வளவு இராது என்றாலும், ஆறு ஆண்டு ஆன முனைகளைச் சுத்தம் செய்து வயர் நுனியில் புதிய லக் (உலோக முனை) போடுவது நல்லது.

சென்சார் வயரைக் கம்ப்ரசருக்குப் போகும் வயரோடு ஒரே குழாயில் இழுக்க வேண்டாம், எண்கள் ஆடும். தனிக் குழாயில் விடுங்கள். இல்லாவிட்டால் அணில் கடித்துவிடும்; என் மாடியில் இரண்டு முறை கடித்திருக்கிறது.

தொட்டியில் துணை ஹீட்டர் இருந்தால் அதை இந்தக் கருவியோடு சேர்க்காமல் தனி சுவிட்சிலும் தனி தெர்மோஸ்டாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற, தண்ணீருக்குள் சுமார் 6.3 யூனிட் வெப்பம் சேர வேண்டும். வெறும் ஹீட்டர் என்றால் அத்தனையும் மின்சாரக் கணக்கில் விழும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் என்றால் 2 யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். இரண்டும் சேர்ந்து கிளம்பினால் ஹீட்டர்தான் பெரும் பங்கை இழுத்துக்கொள்ளும். ஹீட் பம்ப் வாங்கியதன் பயனே போய்விடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடச் சொல்லுங்கள்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்) மீண்டும்:

மூவருக்கும் நன்றி. நேற்று 230 வோல்ட் கருவியைப் பொருத்தினோம். வெப்பமூட்டல் முறை, 55 டிகிரி, 5 டிகிரி இடைவெளி, மூன்று நிமிடத் தாமதம் எல்லாம் சொன்னபடியே வைத்தோம். ஆனால் ஒரு சிக்கல். காலையில் இயந்திரம் ஓடுவதற்கு முன்பே கருவி 47 டிகிரி காட்டியது. சமையலறைத் தெர்மாமீட்டரைக் குழாய்த் தண்ணீரில் வைத்தால் 30தான் காட்டுகிறது. இயந்திரம் சிறிது நேரம் ஓடி, 55 என்று காட்டி நின்றுவிடுகிறது. குழாயில் வருவதோ வெதுவெதுப்பான தண்ணீர். மாமியார் இதற்குப் பேசாமல் அடுப்பிலேயே காய்ச்சலாம் என்கிறார். புதிய சென்சாரின் வயர் இரண்டு மீட்டரே இருந்ததாலும், பெட்டிக்கும் தொட்டிக்கும் நான்கு மீட்டருக்கு மேல் இருப்பதாலும், எலக்ட்ரீஷியன் பழைய சென்சாரையே இணைத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாமணிக்கரை வயர்மேன் (மன்னார்குடி) பதில்:

அம்மா, நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. இவ்வகைச் சென்சார் சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். தஞ்சாவூர்க் கருவி, 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் சென்சாரை எதிர்பார்க்கிறது. உங்கள் பழைய சென்சார் அதே 25 டிகிரியில் 5,000 ஓம் காட்டும் வகையாக இருக்க வேண்டும். பாதித் தடையைப் பார்த்ததும் கருவி அதைச் சூடு என்று எண்ணிக்கொள்கிறது. கணக்குப் போட்டால், தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது அது ஏறக்குறைய 47 என்றே காட்டும். 55 என்று காட்டி நிற்கும்போது உண்மையில் தண்ணீர் 37 டிகிரியைத்தான் எட்டியிருக்கும். மாமியார் சொல்வதில் தவறில்லை.

அளவை 75க்கு ஏற்றிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். இரண்டு சென்சார்களுக்கும் உள்ள வேறுபாடு எல்லாச் சூட்டிலும் ஒரே அளவாக இருக்காது. நாளை வேறொருவர் வந்து சரியான சென்சாரைப் போட்டுவிட்டு அளவைக் குறைக்க மறந்தால், இயந்திரம் எட்ட முடியாத 75ஐத் துரத்திக்கொண்டே இருக்கும். இதன் எதிர்ப்பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். 5,000 ஓமை எதிர்பார்க்கும் கருவிக்கு 10,000 ஓம் சென்சாரைக் கொடுத்திருந்தால், கொதிக்கும் தண்ணீரையும் குறைத்துக் காட்டியிருக்கும். அந்த நிலையில் காப்பாற்றுவது அதிக அழுத்த சுவிட்சும், தொட்டியில் சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும், கையால் மீட்டமைக்கும் கட்-அவுட்டும் மட்டுமே.

புதிய சென்சாரின் வயரை நீட்டுவதில் பயம் வேண்டாம். மூன்று நான்கு மீட்டர் செம்பு வயரின் தடை ஓர் ஓம் கூட வராது; ஆயிரக்கணக்கான ஓமுக்கு முன்னால் அது கணக்கிலேயே சேராது. முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் ஏற்றி, இணைப்பைப் பெட்டிக்குள் வரும்படி வைக்கச் சொல்லுங்கள். மழைநீர் இணைப்பில் கசிந்தாலும் தடை குறைந்து இதே கோளாறு திரும்ப வரும்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்) மீண்டும்:

இன்று புதிய சென்சாரை, ஷீல்டு உள்ள இரட்டை வயரால் நீட்டி, தனிக் குழாயில் இழுத்து, பசை தடவித் தொட்டியின் பையில் அடிவரை செருகினோம். கழற்றிய பழைய சென்சாரை மீட்டரில் வைத்தபோது 29 டிகிரி அறைச் சூட்டில் 4,200 ஓம் காட்டியது. ஐயா சொன்ன வகையேதான். முதலில் கருவி 31 காட்டியது, தெர்மாமீட்டர் 30. இயந்திரம் தொடர்ந்து ஓடி 55ல் நின்றது. குளியலறைக் குழாயில் 52 வந்தது. இடையில் இரண்டு முறை மின்சாரம் போய் வந்தபோதும் மூன்று நிமிடம் காத்திருந்தே கிளம்பியது. ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. துணை ஹீட்டருக்குத் தனி சுவிட்ச் வைத்து, அதன்மேல் "ஹீட் பம்ப் பழுதானால் மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

மாப்பிள்ளை வருத்தப்படவில்லை. எந்த வயர் எங்கே போகிறது என்ற படத்தை, சென்சாரின் 10,000 ஓம் அளவையும் சேர்த்து, அவரே வரைந்து பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறார்.