பீர் நொதிக்க எந்தப் பாத்திரம்? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

டொராண்டோவிலிருந்து
வீட்டில் பீர் தயாரிக்க ஆசை. கடையில் 23 லிட்டர் கண்ணாடிக் குடுவையும் 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளியும் அடுத்தடுத்து இருக்கின்றன. கண்ணாடிதான் சுத்தம் என்று மனம் சொல்கிறது. அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டுங்கள்.

லண்டனிலிருந்து
தம்பி, பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் குடுவையைத் தூக்கிப் பாருங்கள். பீர் நிரம்பினால் ஏறக்குறைய முப்பது கிலோ. பிடிப்பதற்கு எதுவும் இல்லை. கை ஈரமாக இருந்தால் வழுக்கும்.

என் நண்பர் ஒருவர் குடுவையைக் கழுவும்போது அது தொட்டியின் விளிம்பில் இலேசாகத்தான் இடித்தது. அடிப்பாகம் வட்டமாகக் கழன்று விழ, கழுத்துப் பகுதி அவர் கையிலேயே நின்றது. உள்ளங்கைத் தசைநாண் அறுந்து, அறுவைச் சிகிச்சை வரை போனது. அதை நேரில் பார்த்த பிறகு என் வீட்டில் கண்ணாடிக்கு இடமில்லை.

கண்ணாடியில் கீறல் விழாது, ஆக்ஸிஜன் புகாது என்பதெல்லாம் உண்மை. மாதக்கணக்கில் வைத்திருக்கும் பீருக்கு அது உதவும். இரண்டு மூன்று வாரத்தில் பாட்டிலுக்குப் போய்விடும் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் வகைக்கு எதற்கு? தவிர, வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து பீரில் கெட்ட நாற்றம் ஏறும். குடுவைக்குக் கறுப்புத் துணி வேறு போர்த்த வேண்டும்.

பர்மிங்காமிலிருந்து
என் ஓட்டு வாளிக்கு. 23 லிட்டர் கலவைக்கு 30 லிட்டர் வாளி என்பது வீண் இடமல்ல. கோதுமை பீர் ஈஸ்ட் போட்டால் நுரை இட்லி மாவைப் போலப் பொங்கி வந்து மூடியை முட்டும்.

வாளியின் குறை மூடிதான். நொதிக்கும் வாயு வெளியேற அதில் ஏர்லாக் என்ற சிறு அடைப்பான் இருக்கும்; வாயு அதன் வழியே குமிழியாக வரும். பழக்கமான ஒருவர் நள்ளிரவில் அழைத்து, "ஏர்லாக்கில் ஒரு குமிழி கூட இல்லை, ஈஸ்ட் செத்துவிட்டது, கொட்டிவிடப் போகிறேன்" என்றார். கலவையின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 1.048-இல் தொடங்கியது 1.012-க்கு இறங்கியிருந்தது! அதாவது சர்க்கரை நன்றாகவே நொதித்திருக்கிறது. வாயு மூடியின் ஓரமாகக் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். குமிழியை எண்ணி முடிவெடுக்காதீர்கள்.

தேய்க்கும் நாரை மட்டும் வாளிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். கீறலுக்குள் கிருமி புகுந்தால் சானிடைஸர் எட்டாது. மெல்லிய துணி, வெந்நீர், கழுவும் தூள் போதும். ஊறுகாய் இருந்த வாளி வேண்டவே வேண்டாம். அந்த வாசனை போகாது.

மெல்பர்னிலிருந்து
இங்கே கோடையில் 40 டிகிரியைத் தொடும். ஏலுக்கு 18 முதல் 22 வேண்டும். நொதிக்கும்போது கலவையே சில டிகிரி கூடுதலாகச் சூடாகும். எனவே பழைய குளிர்சாதனப் பெட்டியின் உள்ளளவை எடுத்துக்கொண்டுதான் பாத்திரம் வாங்கப் போனேன். அதற்குள் நின்றது 19 லிட்டர் எவர்சில்வர் கெக், அதாவது உருளை வடிவப் பீர்ப் பாத்திரம். கீறலும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒரே குறை, நுரைக்கு இடம் விட்டால் 15, 16 லிட்டர்தான் தேறும். கூம்பு வடிவ எவர்சில்வர் தொட்டி இன்னும் வசதி. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

செக் நாட்டின் பில்சன் நகரில், 1842 முதல் பீர் தயாரிக்கும் ஆலையின் நிலவறைக்குப் போயிருக்கிறேன். பெருமளவு உற்பத்தி எஃகுத் தொட்டிகளுக்கு மாறிய பிறகும், கொஞ்சம் பீரை ஓக் பீப்பாய்களில் தயாரிக்கிறார்கள். வடிகட்டாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். மர வாசனை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பீர் மரத்தைத் தொடாதபடி உள்ளே கீல் பூசியிருக்கிறார்கள்!

டொராண்டோவிலிருந்து
அனைவருக்கும் நன்றி. வாளிதான். அடியில் திறந்து மூடும் குழாய் வைத்ததா, வைக்காததா?

பர்மிங்காமிலிருந்து
பாட்டிலில் நிரப்பக் குழாய் வசதிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி, திருகு மறைக்குள் சேர்ந்திருக்கும் பழுப்பு வண்டலைச் சிறு தூரிகையால் எடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், குழாய் இல்லாததையும் பீரை மேலிருந்து இழுத்து இறக்கும் ஒரு சைபன் குழலையும் வாங்குங்கள்.